கடல் சூழாத ஒரு தீவு

நம் சங்கத்துக் கூட்டங்களில் அன்பர்கள் தத்தம் சொந்த ஊரைப் பற்றிப் பேசி மகிழ்வது வழக்கம். தஞ்சையிலிருந்து வந்தவர் காவிரியைப் பாராட்டுவார். நெல்லையிலிருந்து வந்தவர் பொருநையை விட்டுக்கொடுக்கமாட்டார். என் முறை வரும்போது நான் “வட்டவடை” என்பேன். உடனே யாரேனும் ஒருவர், “அங்கே வடை மிகவும் ருசியோ?” என்று கேட்பார். சபை முழுவதும் நகைக்கும். நானும் கூடச் சேர்ந்து நகைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பத்து ஆண்டுகளாக இவ்வாறே நடந்து வருகிறது. இம்முறை ஆசிரியர் அவர்கள், “சிரித்து மழுப்பியது போதும், எழுதிக் கொடும்” என்று கேட்டுவிட்டார்கள். ரயில்வேயில் பார்சல் ரசீது எழுதிப் பழகிய கை இது. குற்றங் குறை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேரள மாநிலம், இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவின் கிழக்குக் கோடியில் ஐயாயிரம் அடி உயரத்திற்கு மேலுள்ள ஒரு மலைப் பள்ளத்தாக்கு எங்கள் ஊர். மூணாறிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி எனத் தேயிலைத் தோட்டங்களினூடே பாதை ஏறிச் சென்று டாப் ஸ்டேஷனை அடையும். அங்கிருந்து பாம்பாடும் சோலை என்னும் அடர்ந்த காட்டினுள் நுழைந்து வெளிவந்தால், கண்ணெதிரே படிப்படியாக இறங்கும் வயல்கள் தோன்றும். கோவிலூர், கொட்டாக்கம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு, வட்டவடை என்று சிற்றூர்கள் பல. அத்தனையிலும் வீட்டு மொழி தமிழ்தான்.

பாம்பாடும் சோலை 2003-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இராது; கேரளத்துத் தேசியப் பூங்காக்களில் இதுவே மிகச் சிறியது. ஆனால் எங்களுக்கு ஊர்வாசல் அதுவே. இரவில் வனத்துறையார் தடைக்கம்பத்தை இறக்கிவிட்டால் வெளியுலகம் மறுநாள் காலைதான். அதனாலேயே எங்கள் ஊரை நான் தீவு என்று சொல்லுகிறேன்.

இந்த உவமை எனக்குத் தோன்றியது ஊரில் இருந்தபோது அன்று. உண்மையான ஒரு தீவில் வாழ்ந்தபோது. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் சில மாதங்கள் இராமேசுவரம் தீவில் வேலை பார்த்தேன். அங்குள்ள பெரியவர்கள் மண்டபத்துக்குப் போவதை “கரைக்குப் போய் வருகிறேன்” என்று சொல்லக் கேட்டேன். அச்சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. என் அப்பத்தாவும் போடிக்கோ தேனிக்கோ எவரேனும் புறப்பட்டால், “கீழே போறியாய்யா?” என்றுதான் கேட்பார். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டார். தமிழகம் முழுவதும் அவருக்கு ஒரே “கீழே”தான்.

அத்தீவின் பெரியவர்கள் தனுஷ்கோடியைப் பற்றிப் பேசும் விதமும் எனக்கு மறக்கவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி இலங்கைப் பிரயாணிகள் கப்பலேறும் துறையாகப் பெருகியதும், 1964 டிசம்பர் 22 இரவில் புயலும் கடலும் சேர்ந்து ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியையும் விழுங்கியதும் யாவரும் அறிந்ததே. ஒரு பெரியவர் அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அஞ்சல் நிலையம் எங்கே இருந்தது, மிட்டாய்க் கடை எங்கே இருந்தது என்று மணலில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். கோட்டை அவர் கிழிக்கக் கிழிக்கக் காற்று அழித்துக்கொண்டே இருந்தது. எங்கள் மலையிலும் தண்ணீர் ஒரு ரயிலைக் கொண்டுபோயிற்று என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “மலையிலே ஏது தம்பி ரயிலு?” என்றார்.

அன்பர்களும் நம்பாமல் இருக்கலாம். ஆகவே அதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ரயில்வே ஊழியனுக்கு இந்த உரிமைகூட இல்லாவிடில் எப்படி?

கண்ணன் தேவன் மலைகளில் ஆங்கிலேயர் தேயிலை பயிரிட்டபின், பெட்டிபெட்டியாகத் தேயிலையைத் துறைமுகத்திற்கு இறக்க வழி தேவைப்பட்டது. 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஆம், ஒன்றே ஒன்றுதான். பாரத்தின் பெரும்பகுதியை அத்தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும்; பக்கத்து மண்பாதையில் உருளும் பெரிய சக்கரம் வண்டி சாயாமல் காக்கும்; இழுப்பவை எருதுகள். பிற்பாடு பாட்டியாலா சமஸ்தானத்திலும் இதே வகை வண்டி ஓடிற்று. 1908-இல் இதனை மாற்றி, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் இட்டு, நீராவி இயந்திரத்தையே மலைமேல் ஏற்றிவிட்டார்கள்.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டு அது ஏதோ காட்சிமுனை என்று இன்று வருவோர் எண்ணுகின்றனர். அது உண்மையிலேயே ஸ்டேஷன்தான். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் செங்குத்தான மலைச்சரிவைக் கடந்து, கீழே குரங்கணிக்கு அருகிலுள்ள கொட்டகுடியில் இறங்கும். அதற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு மாட்டுவண்டி. அங்கிருந்தும் ரயில் கிடையாது! மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தது 1928-இல்தான். அதற்கு முன்பு வண்டிகள் அம்மையநாயக்கனூர் வரை சென்றாக வேண்டும். அதாவது, சமவெளியிலிருந்த போடிக்கு ரயில் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே, மேகம் தவழும் மலைமேல் புகைவண்டி ஊதிக்கொண்டு சென்றது. என் மேலதிகாரி ஒருவரிடம் இதனைச் சொன்னபோது அவர் வியந்து, அன்றைக்கு மட்டும் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அப்பத்தாவின் மாமனார், அதாவது என் பாட்டனாரின் தகப்பனார், டாப் ஸ்டேஷனில் பெட்டி சுமந்தவர். வட்டவடையிலிருந்து விடியுமுன் காட்டு வழியே நடந்து சென்று, வாரம் முழுவதும் அங்கேயே தங்கி, கூலியாக வாங்கிய காசுக்கு உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்புவாராம். ரயிலின் ஓசையை ஊரிலுள்ள குழந்தைகளுக்கு வாயாலேயே ஊதிக் காட்டுவாராம். அப்பத்தா அந்த ரயிலைக் கண்டதில்லை. ஆனால் மாமனார் ஊதியதைக் கேட்டிருக்கிறார். எனக்கும் ஊதிக் காட்டினார். நான்கு தலைமுறைக்கு அந்த ரயில் எங்கள் வீட்டில் வாய்வழியே ஓடிற்று என்று சொல்லலாம்.

1924-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பெய்த பெருமழை எல்லாவற்றையும் முடித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் மலையாளத்தார் அதனைத் “தொண்ணூற்றொன்பது வெள்ளம்” என்பர். மலைகள் சரிந்தன, மூணாறு நீரில் மூழ்கிற்று, தண்டவாளமும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அதன் பின்னர் அந்த ரயிலை மீண்டும் அமைக்கவே இல்லை. மூணாறில் ஸ்டேஷனாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

இனி மனிதர்களுக்கு வருவோம். எங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து, போருக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சி மலையேறி வந்தவர்கள் என்பது ஊர் வழக்கு. எந்தப் போர், எந்த மன்னன் என்று கேட்டால் ஒவ்வொரு பெரியவரும் ஒவ்வொன்று சொல்வார். எங்களுக்கும் முந்தியோராகக் காட்டுக்குள் குடியிருக்கும் முதுவர்களும் தாங்கள் மதுரையிலிருந்து வந்ததாகவே சொல்லுகின்றனர். எங்கள் மலையில் யாரைத் தோண்டினாலும் அடியில் மதுரை இருக்கும் போலும்!

வந்தவர்கள் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி வயலாக்கினார்கள். கேப்பையும் சாமையும் மட்டுமல்ல, நெல்லும் கோதுமையும்கூட அங்கே விளைந்தன. பின்னர்தான் உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, காரட், பீன்ஸ் எல்லாம். ஆனால் ஊரின் மானத்தைக் காத்தது பூண்டு ஒன்றே. அறுத்த பூண்டைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குவார்கள். மாதக்கணக்கில் புகை ஏறி அதன் தோல் தேன் நிறமாகும். குளிர்காலத்து இரவில் கம்பளிக்குள் முடங்கிக்கொண்டு அந்தப் புகையையும் பூண்டு வாடையையும் சேர்த்து முகர்ந்தபடி உறங்கியவன் நான். முதன்முதலில் விடுதியில் தங்கிப் படிக்கச் சென்றபோது எனக்கு உறக்கம் வராமைக்குக் காரணம் வீட்டு நினைவு என்று வார்டன் எண்ணினார். உண்மையில் அந்த அறையில் எந்த வாடையும் இல்லாததே காரணம்.

பூண்டை விற்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தெற்கே டாப் ஸ்டேஷனில் இறங்கிக் குரங்கணி வழியாகப் போடி. மற்றொன்று, வடகிழக்கே காட்டைக் கடந்து கிளாவரை. அங்கிருந்து பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர் வழியே கொடைக்கானல். கிளாவரையிலும் தமிழ், கோவிலூரிலும் தமிழ். இடையிலே நடந்து கடக்கக்கூடிய காடு. அப்பத்தா பிறந்த வீடு அந்தப் பக்கம். மணமாகி வந்தபோது ஒரு பொதிக்குதிரைக்குப் பின்னால் நடந்தே வந்தாராம். குதிரையின் மேல் அவருடைய அண்டாவும் இரண்டு மூட்டைக் கேப்பையும் இருந்தனவாம். “எனக்கு ஏற இடமில்லைய்யா” என்று சொல்லிச் சிரிப்பார்.

1956 நவம்பர் முதல் தேதி, மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றோடு கோரப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அதனைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் பெரியவை. குமாஸ்தா அவற்றில் தலையிடுவது அழகன்று. அப்பத்தாவின் வாழ்வில் அது எப்படி இறங்கிற்று என்பதை மட்டும் சொல்லுகிறேன். அவருடைய பிறந்த வீடு வேறு மாநிலத்திலேயே நின்றுவிட்டது. அவருக்கு அது தெரிந்தது பல மாதங்களுக்குப் பின்பு. ஆடி மாதம் தாய் வீட்டுக்குப் போகையில் யாரும் தடுக்கவில்லை; ஆகவே அதனைப் பெரிதாக எண்ணவுமில்லை. ரேஷன் அட்டையில் மலையாள எழுத்தைப் பார்த்தபோதுதான், “இது என்ன, சிலேபி சிலேபியா எழுதியிருக்கு?” என்று கேட்டாராம். தமிழையும் அவர் படித்தவரல்லர் என்பது வேறு விஷயம்.

வாசகர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துடன் தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்? நான் அறிந்ததே முப்பது வயதுக்குப் பின்னர்.

எல்லைக் கோடு மனிதரைப் பிரித்ததோ இல்லையோ, பூண்டைப் பிரித்துவிட்டது. புவிசார் குறியீடு என்னும் சிறப்பு 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்தது. 2022-இல் காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் கிடைத்தது. இரண்டும் இரு மாநிலங்களின் பெருமைகள். விளையும் மலையோ ஒன்று. வடுகபட்டிச் சந்தையில் கொட்டிவிட்டால், இது எந்தப் பக்கத்துப் பூண்டு என்று என் அண்ணனாலேயே சொல்ல முடியாது.

இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். புகையும் பூண்டும் குதிரையும் ரயிலுமாக எல்லாம் இனிமையாக இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்தினால் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த ஒருவன் இதனைப் படித்து என்ன நினைப்பான் என்ற எண்ணம் குறுக்கிடுகிறது.

அவன் ஊரின் ஒதுக்குப்புறத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவன். இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை அவன் தகப்பனார் அவனை ஜீப்பில் மூணாறுக்கு அழைத்துச் செல்வார். திரும்பி வரும்போது தலை ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். எனக்கு அவன்மேல் அளவில்லாத பொறாமை. என்னை உள்ளூர் நாற்காலியிலேயே உட்கார வைத்துக் கதையை முடித்துவிடுவார்கள். அவனுக்கோ மூணாறு, பஸ், பரோட்டா! “என்னையும் மூணாறுக்குக் கூட்டிப்போய் முடி வெட்டினால் என்ன?” என்று அப்பத்தாவிடம் அழுதேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, “நமக்கு இங்கேயே வெட்டுவாக. அவுகளுக்கு இங்கே வெட்டமாட்டாக. அதைக் கேட்டுக்கிட்டு இருக்கக்கூடாது” என்றார். நானும் கேட்கவில்லை. வெகுகாலம் கேட்கவே இல்லை.

2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வட்டவடை ஊராட்சியே முன்வந்து, எல்லாச் சாதியினரும் வந்து அமரும் பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. எங்கள் அலுவலகத்து மலையாள நண்பர் ஒருவர் பத்திரிகையை நீட்டி, “இது உங்கள் ஊர்தானே?” என்றார். பத்து ஆண்டுகளாக ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிப்பு வாங்கிய எனக்கு, அன்று “ஆம்” என்று சொல்ல நாக்கு எழவில்லை. தீவில் காற்றும் நீரும் சுத்தமாக இருக்கும். வெளியில் காலாவதியான பழக்கங்களும் அங்கே நெடுநாள் கெடாமல் இருக்கும்.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊரின் பெயர் வேறொரு துயரத்தால் அடிபட்டது. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கத்திக்குத்துக்கு இரையான மாணவர் அபிமன்யு வட்டவடையைச் சேர்ந்தவர். அவர் பெயரால் பல ஊர்களிலிருந்தும் நூல்கள் வந்து குவிய, வட்டவடையில் ஒரு நூலகம் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் பெருவெள்ளம், மூணாறு துண்டிக்கப்பட்டது, மூன்று நாள் வீட்டோடு பேச முடியாமல் தவித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி பூத்ததும் அந்த ஆண்டில்தான். பார்க்க வரவேண்டிய கூட்டம் வர வழியின்றிப் போயிற்று. இனி 2030-இல் பூக்க வேண்டும்.

குறிஞ்சியைக் காப்பதற்கென 2006-இல் வட்டவடை, கொட்டாக்கம்பூர்ப் பகுதிகளில் சுமார் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எந்தக் கணக்கு எண் உள்ளே, எது வெளியே, எவருடைய பட்டா செல்லும் என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகப் படியேறி இறங்கிய பெரியவர்களை நான் அறிவேன். மேசைக்கு மறுபுறம் அமர்ந்து பிழைப்பவன் ஆதலால், அந்தப் படிகளைப் பற்றி அதிகம் எழுதக் கூசுகிறேன்.

வயல்களின் கதை இன்னும் சங்கடமானது. காய்கறி விலை நிலையில்லாமல் போகவும், கூலிக்கு ஆள் கிடையாமல் போகவும், பலர் தைல மரவகையைச் சேர்ந்த கிராண்டிஸ் மரத்தை நட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்கள். மரம் களை கேட்காது, உரம் கேட்காது. ஆனால் ஊற்றுநீரைக் குடித்துவிடும். நெல் விளைந்த படிகளில் இன்று நெல் இல்லை. வெளியூரார் வந்து நட்டார்கள் என்று சொல்வது எளிது. மேல்படியில் என் தகப்பனாரும் நட்டார். அந்த மரத்தை விற்ற பணத்தில்தான் நான் பத்தாம் வகுப்பு எழுதினேன்.

சென்ற சித்திரையில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். கோவிலூருக்கு மேலே எங்களுக்கு இருக்கும் முக்கால் ஏக்கருக்கு, தங்கும் விடுதி கட்ட விரும்பும் ஒருவர் நல்ல விலை சொல்லுகிறார். பத்திரத்தில் என் கையொப்பமும் வேண்டும். விலை உண்மையில் நல்ல விலைதான். என் பத்தாண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியாத தொகை.

நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பாலக்காட்டிலிருந்து மூணாறு வழியே செல்வது கிட்டம். ஆனால் வேண்டுமென்றே மதுரைக்குச் சென்று போடி வண்டியில் ஏறினேன். அந்தப் பாதை அகலப்படுத்துவதற்காக 2010-இன் இறுதியில் மூடப்பட்டு, 2022-இல் தேனி வரையும், 2023 ஜூன் 15-இல் போடி வரையும் மறுபடி திறக்கப்பட்டது. இப்போது சென்னையிலிருந்தே போடிக்கு நேர் வண்டி உண்டு. போடி ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைச்சுவர் தெரியும். அதன் விளிம்பில் எங்கோ டாப் ஸ்டேஷன். பெட்டிகள் தொங்கி இறங்கிய வடத்தின் தடம் தெரியுமோ என்று வெகு நேரம் பார்த்தேன். மேகம் மறைத்துக்கொண்டது.

வீட்டை அடைந்தபோது அந்தி. அப்பத்தா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் பரணில் பூண்டு இருந்தது. அண்ணி கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் வைத்தார்கள். அண்ணன் பத்திரத்தின் நகலை மேசைமேல் வைத்து, அதன்மேல் டார்ச் விளக்கைப் பாரமாக வைத்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் மகளுக்கு ஐந்து வயது, அவள் மட்டும் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பெரியப்பா, ஏன் பூண்டெல்லாம் மேலே தூங்குது?” என்று கேட்டாள். அண்ணன் ஒரு பிடியை இறக்கி அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை மேல்படிக்குச் சென்றோம். மரத்தை வெட்டியெடுத்த இடத்தில் அடிக்கட்டைகள் நின்றன. அண்ணன் ஒரு கட்டையை உதைத்துப் பார்த்து, “இதைப் பறிச்சா ரெண்டு வருஷத்திலே ஊத்து திரும்பும்னு சொல்றாங்க. நம்பலாமா தம்பி?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். சற்று நேரம் நின்றுவிட்டு, “அடுத்த பூண்டு அறுப்பு வரைக்கும் அந்த ஆளைப் பொறுக்கச் சொல்லிப் பார்ப்போம்” என்றார்.

நான்காம் நாள் விடியற்காலை, தடைக்கம்பம் தூக்கியதும் புறப்படும் முதல் ஜீப்பில் இடம் பிடித்தோம். கையொப்பமிடாத நகல் என் பையில் இருந்தது. அதன் கீழே அண்ணி கட்டிக் கொடுத்த இரண்டு கிலோ பூண்டு. பாலக்காடு வந்து சேரும் வரை வண்டி முழுவதும் மணந்தது. எதிர் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் முகர்ந்து பார்த்து, “மலைப்பூண்டா தம்பி? எந்த ஊரு?” என்றார்.

“வட்டவடை” என்றேன். அவர் சிரிக்கவில்லை.